தக்காணத்துப் பசால்ட் பீடபூமியும் மதுரைச் சமவெளியும்: ஒரு நிலவியல் விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கிந்தியாவில் தரைப்பிளவுகளின் வழியே வெளிப்பட்ட பசால்ட் லாவா அடுக்கடுக்காகப் படிந்து உருவாக்கிய நிலப்பரப்பு, உலகின் பெரிய எரிமலைப் பீடபூமிகளுள் ஒன்றாகும். தக்காணப் பீடபூமி என்னும் பெயர் இந்த லாவாப் பரப்பைக் காட்டிலும் மிகப் பெரிய ஒரு நிலப்பகுதியைக் குறிப்பதால், தென்னகத்தின் மலைகளும் கரிசல் மண்ணும் எரிமலைக் குழம்பிலிருந்து தோன்றியவை என்னும் கருத்து கல்விச் சூழலில் எளிதாக உருவாகிவிடுகிறது. பசால்ட் பெருக்கு நிகழும் முறையையும், லாவா அடுக்குகள் பீடபூமியாக மாறும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விளக்கத்தின் துணைகொண்டு மதுரைச் சமவெளியின் பாறையும் மண்ணும் தக்காண லாவாவிலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றன என்பதையும் நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பசால்ட் பெருக்கு, தக்காண டிராப், பிளவு எரிமலை, பீடபூமி, நைஸ், சார்னோக்கைட், கரிசல் மண், மதுரை.

முன்னுரை

எரிமலை என்றவுடன் உச்சியில் வாய் திறந்து நெருப்பைக் கக்கும் கூம்பு வடிவ மலையே நம் மனத்தில் தோன்றும். அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் இந்திய மண்ணில் நிகழ்ந்த மிகப் பெரிய எரிமலை நிகழ்வு ஒரு கூம்பைக்கூட அடையாளமாக விட்டுச்செல்லவில்லை. அது விட்டுச்சென்றது சமதளமான மேட்டுநிலம். மகாராட்டிரத்தின் பெரும்பகுதியும், குசராத்து, மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் பகுதிகளும், கருநாடகம், தெலங்கானா ஆகியவற்றின் வட எல்லைப் பகுதிகளும் அதனுள் அடங்கும்.

மலை இல்லாத எரிமலை எவ்வாறு பீடபூமியை உருவாக்கியது என்பது முதல் வினா. அந்த எரிமலைக் குழம்பு தெற்கே எதுவரை வந்தது என்பது இரண்டாவது வினா. மதுரை கே.கே. நகரிலிருந்து வடகிழக்கே நோக்கினால் யானைமலை தெரிகிறது. தென்மேற்கே திருமங்கலம் வழியாகச் சென்றால் கரிசல் நிலம் தொடங்குகிறது. இவ்விரண்டுக்கும் தக்காண எரிமலைக்கும் உறவுண்டா என்று மாணவர் வினவும்போது, ஆம் என்னும் விடையே பலமுறை கிடைக்கிறது. அவ்விடை ஏன் பொருந்தாது என்பதை விளங்கிக்கொள்ள முதல் வினாவிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

1. பெயர்கள் விளைவிக்கும் குழப்பம்

தக்காணம் என்பது தெற்கு எனப் பொருள்படும் தட்சிணம் என்னும் வடசொல்லின் வழிவந்த திசைப்பெயராகும். அது எந்தப் பாறையையும் குறிப்பதன்று. விந்திய, சாத்பூராத் தொடர்களுக்குத் தெற்கே முக்கோணமாக நீளும் உயர்நிலம் முழுவதையும் தக்காணப் பீடபூமி என்று புவியியலார் வழங்குவர். தக்காண டிராப் என்பது இவ்வுயர்நிலத்தின் வடமேற்குப் பகுதியை மூடியுள்ள பசால்ட் அடுக்குகளை மட்டும் குறிக்கும் நிலவியல் பெயர். படிக்கட்டு எனப் பொருள்படும் சுவீடிய மொழிச் சொல்லிலிருந்து டிராப் என்னும் பெயர் வந்தது. லாவா மலைகளின் சரிவுகள் படிப்படியாக இறங்கும் தோற்றத்தை அது சுட்டுகிறது.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநராக விளங்கிய எம்.எஸ். கிருஷ்ணன், இந்தியா, பர்மா ஆகியவற்றின் நிலவியல் குறித்து 1943இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தென்னகத்தின் தொல்பாறைகளையும் தக்காண டிராப்பையும் தனித்தனி இயல்களில் விளக்கியுள்ளார். நிலவியலில் தெளிவாக இருக்கும் இப்பிரிவு, இரண்டையும் ஒரே பத்தியில் சுருக்கிக் கூறும்போது மறைந்துவிடுகிறது.

தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. கட்டடத்துக்கும் சிற்பத்துக்கும் பயன்படும் கடினமான கல்லை நாம் கருங்கல் என்கிறோம். தமிழ்நாட்டில் இப்பெயர் பெறும் கற்கள் பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோக்கைட் ஆகியவையே. பசால்ட்டும் நிறத்தால் கரியது என்பதால் அதனையும் கருங்கல் எனச் சுட்டினால், தோற்றத்தால் முற்றிலும் வேறுபட்ட பாறைகள் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். ஆகவே இக்கட்டுரையில் பசால்ட் என்னும் சொல்லே கையாளப்படுகிறது. வெள்ளம்போல் பரந்து பாயும் பசால்ட் வெளிப்பாடு பசால்ட் பெருக்கு எனக் குறிக்கப்படுகிறது.

2. ஆழத்தில் நிகழ்வது

புவிமேலோட்டுக்குக் கீழுள்ள கவசம் மிகுந்த வெப்பமுடையதாயினும் பெரும்பாலும் திண்மநிலையிலேயே உள்ளது. மேலிருக்கும் பாறைகளின் பெரும் அழுத்தம் அதனை உருகவிடாமல் தடுக்கிறது. கவசத்தின் ஒரு பகுதி வழக்கத்தைவிட மிகுந்த வெப்பத்துடன் மேல்நோக்கி எழும்போது அதன்மீதான அழுத்தம் குறைகிறது. வெப்பம் ஏறத்தாழ மாறாதிருக்க, அழுத்தம் மட்டும் குறைவதால் பாறையின் ஒரு பகுதி உருகத் தொடங்குகிறது. எனவே இங்கு உருகலுக்குக் காரணம் புதிதாக வெப்பம் சேர்வதன்று, அழுத்தம் நீங்குவதே. இவ்வாறு பகுதியளவில் உருகிப் பிரியும் குழம்பின் இயைபே பசால்ட்டின் இயைபாகும்.

இவ்வாறு எழும் வெப்பப் பகுதியை வெப்பத்தூண் என்பர். இந்தியத் தட்டு வடக்கு நோக்கி விரைந்து நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் ரீயூனியன் வெப்பத்தூணின் மேலாக வந்தபோது தக்காணப் பெருக்கு நிகழ்ந்தது என்பது பெரும்பாலான நிலவியலாரின் கருத்து. தட்டு நகர்ந்துசென்ற வழியில் இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோசு ஆகியவற்றைத் தாங்கும் கடலடி முகடும், அதன் தொடர்ச்சியாக மொரீசியசும் உருவாயின. இத்தடத்தின் தென்முனையிலுள்ள ரீயூனியன் தீவில் பித்தோன் தெ லா ஃபூர்னேசு எரிமலை இன்றும் இயங்கி வருகிறது. வெப்பத்தூணைவிடக் கண்டப்பிளவே முதன்மைக் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உளர். மேலோடு இழுபட்டு மெலிந்த இடங்களில் குழம்பு எளிதாக வெளியேறியது என்பதை இருதரப்பினரும் ஏற்கின்றனர்.

3. பிளவு வாயும் பாய்ச்சலும்

குழம்பு மேலெழுந்த பின்னர் அது கூம்பாகக் குவியுமா, பரப்பாகப் படியுமா என்பதை இரண்டு காரணிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது குழம்பின் இளக்கம். பசால்ட் குழம்பில் சிலிக்காவின் அளவு ஏறத்தாழ 45 முதல் 52 விழுக்காடு மட்டுமே. வெளிவரும்போது அதன் வெப்பம் 1,100 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். சிலிக்கா குறைந்து வெப்பம் மிகும்போது குழம்பு இளகியோடும். சிலிக்கா மிகுந்த குழம்போ பாகுபோல் தடித்து வாயிலேயே அடைபட்டு வெடித்துச் சிதறும். இரண்டாவது காரணி வெளியேறும் வாயின் வடிவம். பசால்ட் பெருக்கில் குழம்பு ஒற்றைத் துளையின் வழியாக வருவதில்லை. பல கிலோமீட்டர் நீளமுள்ள பிளவுகளின் வழியாக வருகிறது. அப்பிளவுகளில் இறுதியாக உறைந்து நின்ற குழம்பே டைக் எனப்படும் செங்குத்துப் பாறைச்சுவர். நருமதை, தபதி ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும், நாசிக், புணே வட்டாரத்திலும், மேற்குக் கடற்கரையோரத்திலும் இத்தகைய டைக்குகள் கூட்டங்கூட்டமாகக் காணப்படுகின்றன. அவையே தக்காண லாவா வெளிவந்த வழிகளின் எச்சங்கள்.

இத்தகைய பிளவு வெளிப்பாட்டை வரலாற்றுக் காலத்தில் மனிதர் நேரிற் கண்டுள்ளனர். ஐசுலாந்தில் 1783 சூன் மாதம் லாக்கி என்னுமிடத்தில் ஏறத்தாழ 27 கி.மீ. நீளத்துக்குத் தரை பிளந்து, 1784 பிப்ரவரி வரை எட்டு மாதங்கள் லாவா வெளிவந்தது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 15 கன கி.மீ. மதுரை மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3,700 ச.கி.மீ. என்பதால், அவ்வளவு லாவாவை மாவட்டம் முழுவதும் நிரவினால் நான்கு மீட்டர் உயரத்துக்கு நிற்கும். உடன் வெளிவந்த நச்சு வளிமங்கள் புல்லை நஞ்சாக்கிக் கால்நடைகளை அழித்தன. தொடர்ந்த பஞ்சத்தில் ஐசுலாந்து மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் மடிந்தனர்.

தக்காணப் பெருக்கின் மொத்தக் கொள்ளளவு 10 இலட்சம் கன கி.மீ. அளவினது என மதிப்பிடப்படுகிறது. 1,30,058 ச.கி.மீ. பரப்புள்ள தமிழ்நாட்டின்மேல் இதனை நிரவினால் ஏறத்தாழ 7.7 கி.மீ. தடிப்பு வரும். பாறைகளின் கதிரியக்கக் காலக்கணிப்பின்படி இதன் பெரும்பகுதி 10 இலட்சம் ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வெளிவந்தது. 7.5 இலட்சம் ஆண்டுகள் என்று கொண்டால் ஆண்டுச் சராசரி 1.3 கன கி.மீ.; அதாவது ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு லாக்கி. ஆயினும் இயற்கை இச்சராசரிப்படி இயங்கவில்லை. ஒவ்வொரு வெளிப்பாடும் லாக்கியைவிடப் பன்மடங்கு பெரிதாகவும், இரு வெளிப்பாடுகளுக்கு இடையே நெடிய அமைதிக்காலம் உடையதாகவும் இருந்தது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பசால்ட் பரப்பில் தனியொரு பாய்ச்சலே 1,000 கன கி.மீ. கொள்ளளவைத் தாண்டியிருப்பது கணக்கிடப்பட்டுள்ளது.

இவ்வளவு தொலைவு பாயும் லாவா வழியிலேயே குளிர்ந்து உறையாதது எவ்வாறு? லாவா மிக வேகமாகப் பாய்ந்திருக்க வேண்டும் என்றே முன்னர்க் கருதினர். அவாய்த் தீவிலுள்ள கிலாவேயா எரிமலையில் நிகழ்ந்த நேரடி ஆய்வுகள் 1990களில் வேறொரு விடையைத் தந்தன. பாயும் லாவாவின் மேற்பரப்பு விரைவில் உறைந்து மெல்லிய ஓடாகிறது. பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாததால் அவ்வோடு போர்வையாக நின்று உள்ளிருக்கும் குழம்பின் வெப்பத்தைக் காக்கிறது. பின்னால் வரும் குழம்பு ஓட்டின் அடியில் புகுந்து அதனை மேல்நோக்கித் தூக்குகிறது. தொடக்கத்தில் சில பத்துச் சென்டிமீட்டர் உயரமே இருந்த பாய்ச்சல் இவ்வாறு உப்பிப் பல மீட்டர் தடிப்பை அடைகிறது. முன்விளிம்பில் ஓடு உடைந்து புதிய குழம்பு வெளிவர, பாய்ச்சல் மெல்ல முன்னேறுகிறது. ஆகவே பெருந்தொலைவைக் கடப்பதற்கு வேகம் இன்றியமையாததன்று; இடையறாத குழம்பு வரத்தும் ஓட்டின் காப்புமே போதும். ஆந்திரத்தில் இராசமுந்திரி அருகே கோதாவரிக் கரையிலுள்ள பசால்ட், மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலிருந்து பழைய ஆற்றுப் பள்ளங்களின் வழியே ஏறத்தாழ 1,000 கி.மீ. பாய்ந்து வந்த தக்காண லாவாவே என்று வேதியியல் ஒப்பீட்டின் அடிப்படையில் கருதப்படுகிறது. தக்காண லாவா தென்கிழக்கே எட்டிய எல்லை அதுவே. தமிழ்நாட்டிற்குள் அது வரவில்லை.

4. அடுக்கு பீடபூமியாதல்

ஒரு பாய்ச்சல் முன்னிருந்த பள்ளங்களை நிரப்புகிறது. அடுத்தது அதன்மேல் பரவுகிறது. இவ்வாறு பள்ளத்தாக்குகளும் குன்றுகளும் மூழ்கி நிலம் சமதளமாகிறது. பாய்ச்சல்களுக்கு இடைப்பட்ட அமைதிக்காலத்தில் லாவாவின் மேற்பரப்பு சிதைந்து மண்ணாகியது; ஏரிகள் தோன்றின; உயிரினங்கள் வாழ்ந்தன. அடுத்த பாய்ச்சல் அவற்றை மூடியது. இன்று மலைச்சரிவுகளில் இரு பசால்ட் அடுக்குகளுக்கு இடையே தெரியும் செந்நிறப் பட்டைகளும், தொல்லுயிர் எச்சங்களைக் கொண்ட இடைப்படிவுகளும் அந்த இடைவெளிகளின் சான்றுகளாகும். ஒரு பாய்ச்சலின் மேற்பகுதி வளிமக் குமிழ்கள் விட்ட துளைகளால் நிறைந்து மென்மையாக இருக்கும். நடுப்பகுதி செறிவாக இருக்கும். அச்செறிந்த பகுதி குளிர்ந்து சுருங்கும்போது நெடுந்தூண்களாக வெடிப்பதும் உண்டு. மும்பை அந்தேரியிலுள்ள கில்பர்ட் குன்று அவ்வாறு அமைந்ததே.

அடுக்குகளின் தடிப்பு எங்கும் ஒன்றுபோல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையோரத்தில் 2,000 மீட்டரை எட்டும் அது, கிழக்கே செல்லச்செல்லக் குறைந்து விளிம்பில் சில பத்து மீட்டராகிவிடுகிறது. இன்று எஞ்சியுள்ள பரப்பு ஏறத்தாழ 5 இலட்சம் ச.கி.மீ., அதாவது தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. தொடக்கத்தில் இது இன்னும் மிகப் பரந்திருந்தது. மேற்கில் ஒரு பகுதி கண்டம் பிளந்தபோது பிரிந்து சென்றது. செசல்சுத் தீவுகள் இந்தியாவிலிருந்து விலகியது லாவாப் பெருக்கை ஒட்டிய காலத்தில்தான்.

லாவாவின் குவியல் மட்டுமே பீடபூமியாகிவிடுவதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. நிலம் உயர்ந்ததும், மேற்கு விளிம்பு செங்குத்துச் சரிவாக உடைந்ததும், ஆறுகள் அரித்ததும் சேர்ந்தே இன்றைய வடிவத்தைத் தந்தன. கடினமான நடுப்பகுதி செங்குத்துப் பாறையாக நிற்க, மென்மையான மேற்பகுதி அரிபட்டுச் சரிவாகிறது. இது அடுக்குதோறும் தொடர்வதால் படிக்கட்டுத் தோற்றமும், உச்சியில் மேசைபோன்ற தளமும் அமைகின்றன. மராட்டியர் தம் கோட்டைகளை அமைத்தது இத்தகைய தளங்களின் மேல்தான். இராய்கட் கோட்டை இதற்குத் தக்க சான்று. சிவாசி 1677இல் கைப்பற்றிய செஞ்சிக்கோட்டையுடன் அதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். செஞ்சிக் குன்றுகளில் அடுக்கும் இல்லை, படியும் இல்லை. அவை உருண்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும் கிரானைட் குன்றுகள். திண்டுக்கல் மலைக்கோட்டையும் அடுக்கற்ற ஒற்றைப் பாறைமேல் எழுந்ததே. மலையின் வடிவமே பாறையின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

5. லாவாவின் அடியில் இருப்பது

லாவாவைத் துளைத்துக் கீழே சென்றால் எதைக் காண்போம்? இவ்வினாவுக்கு விடைதர இரு நிலநடுக்கங்கள் வழிவகுத்தன. 1967 டிசம்பர் 11 அன்று மகாராட்டிரத்தின் கொய்னா அணைப்பகுதியில் 6.3 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. அணையில் தேங்கிய நீருடன் தொடர்புடைய நிலநடுக்கங்களுள் அது குறிப்பிடத்தக்கது. அதனை ஆராயும் பொருட்டுப் பிற்காலத்தில் இடப்பட்ட ஆழ்துளைகளுள் ஒன்றில் ஏறத்தாழ 930 மீட்டரில் பசால்ட் முடிந்து, கிரானைட், நைஸ் வகைப் பாறைகள் தொடங்கின. 1993 செப்டம்பர் 30 அன்று இலாத்தூர் மாவட்டம் கில்லாரியில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் அங்கு இடப்பட்ட ஆழ்துளையில் பசால்ட்டின் தடிப்பு ஏறத்தாழ 340 மீட்டர் மட்டுமே. அதற்கும் கீழே இருந்தது தொல்பாறையே.

இதிலிருந்து ஓர் அடிப்படை உண்மை புலனாகிறது. லாவா என்பது தீபகற்பத்தின் உடல் அன்று. அதன் வடமேற்குத் தோளில் போர்த்திய போர்வை. அப்போர்வையின் அடியில் இருப்பது தெற்கே நாம் வெளிப்படையாகக் காணும் தொல்பாறை வகையே. அகவையிலும் உருமாற்ற நிலையிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டெனினும், மூடப்பட்ட தக்காணம், மூடப்படாத தக்காணம் என்னும் பிரிவே நிலவியல் முறையில் பொருத்தமானது. மதுரை இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது.

6. மதுரையின் பாறைகள்

மதுரையைச் சுற்றியுள்ள நிலம் தென்னகக் கிரானுலைட் பகுதியின் ஓர் உட்பிரிவு. அதனை நிலவியலார் மதுரைக் கட்டம் என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். யானைமலையும் திருப்பரங்குன்றமும் கிரானைட் நைஸ் வகையின. மேற்கே பழனி மலைத்தொகுதி பெரும்பாலும் சார்னோக்கைட் பாறையால் ஆனது. சார்னோக்கைட் என்னும் பெயரும் தமிழ்நாட்டுத் தொடர்புடையதே. சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையை ஆராய்ந்த தாமசு ஆலந்து, கல்கத்தாவில் சாப் சார்னோக்கின் கல்லறையில் இக்கல் பயன்பட்டிருப்பதை ஒட்டி 1893இல் அப்பெயரைச் சூட்டினார்.

இப்பாறைகள் பசால்ட்டுக்கு நேர்மாறான வரலாறு உடையவை. பசால்ட் தரைக்கு மேலே வந்து விரைவில் குளிர்ந்ததால் அதன் படிகங்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவை. மதுரைப் பாறைகளோ மேலோட்டின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாற்றம் அடைந்தவை. அவற்றின் படிகங்கள் பெரியவை. மேலிருந்த பல கிலோமீட்டர்ப் பாறை அரிக்கப்பட்ட பின்னரே அவை வெளிப்பட்டன. மேற்சுமை நீங்கியபோது அவை விரிவடைந்து, மேற்பரப்புக்கு இணையாக வெங்காயத் தோல்போல் பிளந்து உதிர்ந்தன. யானைமலையின் வழுவழுப்பான முதுகுக்கு இதுவே காரணம். அங்கே சேர்ந்தது எதுவும் இல்லை, நீங்கியதே மிகுதி. பசால்ட் பீடபூமி குவிந்து எழுந்த நிலம் என்றால், யானைமலை சுற்றிலும் இருந்தவை அழிந்தபின் எஞ்சி நின்ற நிலம் எனலாம்.

குடைவரைக் கலையிலும் இவ்வேறுபாட்டின் தடம் உண்டு. அசந்தா, எல்லோரா, எலிபெண்டா ஆகியவற்றைக் குடைந்தோர் தேர்ந்தது பசால்ட் அடுக்கை. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. தென்பாண்டி நாட்டில் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் அம்முறையிலேயே மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. ஆனால் அங்குள்ளது எரிமலைப் பாறையன்று, படிகத் தொல்பாறை. உத்தி ஒன்றாயினும் உளி எதிர்கொண்ட கல் வேறு. தென்னகக் குடைவரைகளை எரிமலைப் பாறையில் அமைந்தவை என்று எழுதுவது நிலவியல் பிழை மட்டுமன்று. கலைவரலாற்றிலும் பிழையான ஒப்பீட்டுக்கு இடமளிக்கும்.

7. கரிசல் மண்ணின் தோற்றம்

பாறையில் வேறுபாடு தெளிவாக இருக்க, மண்ணில் ஒற்றுமை தோன்றுவதே சிக்கலின் மையம். தக்காண லாவா சிதைந்து கரிசல் மண்ணாகிறது. அதில் பருத்தி செழிக்கிறது. திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிலும் கரிசல் மண் உண்டு; பருத்தியும் விளைகிறது. ஆகவே இங்கும் லாவா இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் இப்பகுதியில் கிணறு தோண்டினால் கரிசலுக்கு அடியில் கிடைப்பது பசால்ட் அன்று. சிதைந்த நைஸ் பாறையே.

கரிசலின் இயல்புக்கு அடிப்படை அதன் களிமண் கனிமம். ஸ்மெக்டைட் எனப்படும் அக்கனிமத்தின் அணுத்தகடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் மண் உப்பும். நீர் வெளியேறினால் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கும். கரிசலின் கருமைக்கு எரிமலைச் சாம்பல் காரணமன்று. களிமத்துடன் இறுகப் பிணைந்த சிறிதளவு மக்கே அந்நிறத்தைத் தருகிறது. ஸ்மெக்டைட் உருவாவதற்கு மூன்று நிலைகள் வேண்டும்: பாறையில் கால்சியம், மக்னீசியம் போன்ற காரப்பொருள்கள் இருத்தல், அவை முற்றிலும் கழுவப்படாத அளவு மழை குறைந்திருத்தல், தாழ்ந்த நிலத்தில் வடிகால் மந்தமாக இருத்தல். பசால்ட் முதல் நிலையை எளிதில் நிறைவுசெய்கிறது. ஆனால் பசால்ட் மட்டுமே நிறைவுசெய்யும் என்பதில்லை. தென் தமிழகத்தில் இரும்பும் கால்சியமும் கொண்ட நைஸ் பாறைகளும், பந்தல்குடி போன்ற இடங்களில் காணப்படும் படிகச் சுண்ணாம்புப் பாறைகளும் அப்பொருள்களைத் தருகின்றன. ஓரளவு வறண்ட தட்பவெப்பம் அவற்றை மண்ணிலேயே தேக்கிவைக்கிறது. கரிசலுக்குள் கிடைக்கும் சுக்கான் கற்கள் அவ்வாறு தேங்கிய சுண்ணாம்பின் கட்டிகளே.

நிலத்தின் ஏற்றத்தாழ்வு இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. ஒரே பாறையின் மேல், மேட்டில் செம்மண்ணும் தாழ்வில் கரிசலும் அமைவதைத் தென் மாவட்டங்களில் காணலாம். மேட்டில் காரப்பொருள்கள் கழுவப்பட்டு இரும்பின் செம்மை எஞ்சுகிறது. கழுவப்பட்டவை தாழ்வில் சேர்ந்து கரிசலுக்கு வழிசெய்கின்றன. பாறை ஒன்றே மண்ணின் நிறத்தை முடிவுசெய்வதாயின் இவ்வேறுபாடு தோன்ற இடமில்லை. மறுதலையாக, மழை மிகுந்த மகாபலேசுவரத்தில் அதே பசால்ட்டின் மேல் கரிசல் இல்லை. செம்மண்ணும் செம்பூரான் கல்லுமே உள்ளன.

இவ்விளக்கத்தின் பயன் வகுப்பறையோடு நிற்பதன்று. பசால்ட் நிலத்தில் நிலத்தடி நீர் அடுக்குகளின் துளை நிறைந்த மேற்பகுதிகளிலும் வெடிப்புகளிலும் தேங்கும்; ஆதலால் ஆழத்தில் அடுத்தடுத்து நீர்தாங்கிகள் இருக்க வாய்ப்புண்டு. நைஸ் நிலத்தில் நீர் சிதைவுப் பகுதியிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நிற்கும். ஆழம் கூடக்கூட வெடிப்புகள் பொதுவாகக் குறையும். மேலே கரிசல் இருக்கிறது என்பதைக் கொண்டு கீழே பசால்ட் இருப்பதாக எண்ணி ஆழ்துளைக் கிணற்றை ஆழப்படுத்துபவர் பொருளையும் நீரையும் ஒருசேர இழப்பர். கரிசல் வட்டாரத்தின் மொழியையும் வாழ்வையும் கி. ராஜநாராயணன் முதலானோர் எழுத்தில் நிலைநிறுத்தினர். அவ்விலக்கியத்தை ஆராய்வோரும் அந்நிலத்தை லாவா நிலம் என்று அறிமுகப்படுத்தாமல், வறண்ட தட்பவெப்பமும் தாழ்நிலமும் சேர்ந்து ஆக்கிய நிலம் என்று அறிமுகப்படுத்துவதே பொருத்தம். அவ்வெழுத்தில் நிறைந்திருக்கும் மழைக்கான ஏக்கத்துக்கும் அதுவே இயைபானது.

8. பெருக்கு நிகழ்ந்த காலத்தில் தமிழகம்

தக்காணத்தில் லாவா பெருகிய காலத்தில் தமிழகத்தில் நிகழ்ந்தவற்றுக்கு அரியலூர் சான்றளிக்கிறது. இன்று சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் அப்பகுதி கிரிடேசியசு காலத்தில் கடலாக இருந்தது. அம்மோனைட்டு முதலிய கடலுயிர்களின் எச்சங்கள் அங்கு மிகுதி. அக்காலத்தின் முடிவைக் கடந்த பேலியோசீன் காலப் படிவுகள் அங்கு நினியூர்ப் படிவுகள் எனப் பெயர் பெறுகின்றன. ஆகவே ஒரே காலத்தில் மகாராட்டிரத்தில் நிலம் லாவாவால் உயர்ந்தது. அரியலூரில் கடலடியில் வண்டல் படிந்தது. மதுரையில் தொல்பாறை அரிபட்டுக்கொண்டிருந்தது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவில் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் மறைந்தன. 1980இல் ஆல்வாரெசு குழுவினர் இரிடியம் செறிந்த மெல்லிய படிவைச் சான்றாகக் காட்டி, விண்கல் மோதலே காரணம் என்றனர். அம்மோதலின் வடு பின்னர் மெக்சிகோவின் சிக்சுலுப்பில் அறியப்பட்டது. தக்காணப் பெருக்கு மோதலுக்கு முன்பே தொடங்கி அதன் பின்னரும் தொடர்ந்தது எனக் காலக்கணிப்புகள் காட்டுகின்றன. லாவாவுடன் வெளிவந்த கந்தக, கரிம வளிமங்கள் அழிவில் எவ்வளவு பங்கு வகித்தன என்பது இன்றும் விவாதப் பொருளாகவே உள்ளது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இன்னும் பெரிய அழிவு சைபீரியப் பசால்ட் பெருக்குடன் காலத்தால் ஒத்திருப்பது, இவ்விவாதத்தைத் தொடரச் செய்யும் காரணங்களுள் ஒன்று.

நிறைவுரை

இவ்வாய்வில் பெறப்பட்ட முடிவுகள் வருமாறு:

• பசால்ட் பீடபூமி கூம்பு எரிமலையின் விளைவன்று. நீண்ட பிளவுகளின் வழியே வந்த இளகிய குழம்பு, தன் ஓட்டின் காப்பில் நெடுந்தொலைவு பரவி, அடுக்கடுக்காகப் படிந்ததன் விளைவு.

• லாவாவின் குவியலோடு நில உயர்ச்சியும் அரிப்பும் சேர்ந்தே பீடபூமியின் இன்றைய வடிவத்தை ஆக்கின.

• தக்காணப் பீடபூமி, தக்காண டிராப் ஆகிய இரண்டும் ஒன்றல்ல. பின்னது முன்னதன் வடமேற்கில் போர்த்திய போர்வை. கொய்னா, கில்லாரி ஆழ்துளைகள் அப்போர்வையின் அடியில் தொல்பாறை இருப்பதை மெய்ப்பித்துள்ளன.

• மதுரையின் குன்றுகள் ஆழத்தில் உருமாறி, அரிப்பினால் வெளிப்பட்டவை. அவற்றுக்கும் எரிமலை லாவாவுக்கும் தொடர்பில்லை.

• தென் தமிழகக் கரிசல் மண் நைஸ் முதலிய பாறைகளிலிருந்து, வறண்ட தட்பவெப்பத்தாலும் மந்தமான வடிகாலாலும் உருவானது. மண்ணின் நிறத்தைக் கொண்டு அடிப்பாறையை முடிவுசெய்தல் பொருந்தாது.

தக்காண நிலப்படத்தை வகுப்பில் விரிக்கும் ஆசிரியர், லாவாப் பரப்பின் எல்லைக்கோட்டையும் அதன்மேல் வரைந்து காட்டுவாராயின், மேற்கண்ட குழப்பங்களுள் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே நீங்கிவிடும்.